செல்களில் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. சாயமேற்றுவோர் கவனத்துக்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். ஒளிரும் சாயங்களைக் கொண்டு செல்களில் டி.என்.ஏ.வையும் ஆர்.என்.ஏ.வையும் பார்க்க விரும்புவோர், எந்தச் சாயம் எதைப் பற்றிக்கொள்கிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

டாப்பி (DAPI) என்னும் சாயம், டி.என்.ஏ.வில் அடினைன், தைமின் இணைகள் செறிந்த இடங்களில், இரட்டைச் சுருளின் சிறு பள்ளத்தில் அமர்ந்து, சுமார் 358 நானோமீட்டர் புற ஊதாக் கதிரை ஏற்று 461 நானோமீட்டர் அளவில் நீலமாக ஒளிரும். உயிருள்ள செல்களுக்கு, சவ்வை எளிதில் கடக்கும் ஹோக்ஸ்ட் 33342 என்னும் சாயம் ஏற்றது.

மிகுந்த கவனம் தேவைப்படுவது புரொப்பிடியம் அயோடைடு என்னும் சிவப்புச் சாயத்துக்குத்தான். அது டி.என்.ஏ.வோடு ஆர்.என்.ஏ.வையும் பற்றுவதால், நிலைப்படுத்திய (வேதிப்பொருளால் வடிவம் குலையாமல் பதப்படுத்திய) செல்லில் உட்கரு மட்டுமன்றி சைட்டோபிளாசமும் சேர்ந்து சிவக்கிறது. அந்நிலையில், செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஒளிர்வை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் அளந்தால், டி.என்.ஏ.வின் அளவு கூடியதுபோலத் தோன்றி, செல் சுழற்சியின் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆகவே ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியான ஆர்.என்.ஏஸைச் சேர்த்து 37 டிகிரி செல்சியஸில் வைக்கும் படியை யாரும் விட்டுவிடலாகாது.

ஆர்.என்.ஏ.வையே காண வேண்டுவோருக்கு அக்ரிடின் ஆரஞ்சு உதவும். அது இரட்டை இழை டி.என்.ஏ.வில் பச்சையாகவும், ஒற்றை இழை ஆர்.என்.ஏ.வில் சிவப்பாகவும் ஒளிரும். ஆனால் உயிருள்ள செல்களில் அமிலத்தன்மை மிகுந்த செரிமானப் பைகளான லைசோசோம்களும் சிவப்பாகத் தெரியும் என்பதால், கண்ணில் படும் சிவப்பு அனைத்தையும் ஆர்.என்.ஏ. என்று எண்ணிவிடக் கூடாது. நிலைப்படுத்திய செல்களில், ஆர்.என்.ஏஸ் இட்ட ஒரு ஸ்லைடை அருகில் வைத்து, சிவப்பு மறைகிறதா என்று ஒப்பிடுவதே நம்பகமான சோதனை.

இச்சாயங்கள் நம் டி.என்.ஏ.வையும் பற்றக்கூடியவை, கையுறையின்றித் தொட வேண்டாம். குப்பிகளை அலுமினியத் தாளில் சுற்றி, வெளிச்சம் படாமல் வைக்கவும்.