மறுபக்கத்தைத் திருப்பிப் பார்ப்பவர்கள்

லிங்கன், நெப்ராஸ்கா, அமெரிக்கா

அன்புள்ள கமலா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. உன் அம்மா முழங்கால் ஆபரேஷன் முடிந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறார் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள். வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டால் அப்புறம் முழங்காலை மடக்குவது கஷ்டம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதையும் எழுதியிருந்தாய். "காலையில் குளித்து முடித்தால் அடுத்து எங்கே போவதென்று தெரியவில்லை" என்ற அந்த வரியை நான் பலமுறை படித்தேன். அதற்குத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

முதலில் இங்கத்திய செய்தி. பையன் வேலை கிடைத்து சிகாகோ போய்விட்டான். அவருக்குப் பல்கலைக்கழகத்தில் இன்னும் சில வருடம் வேலை இருக்கிறது. நான் இந்த ஊர்க் குவில்ட் கில்டில் சேர்ந்திருக்கிறேன். குவில்ட் தைக்கிறவர்களின் சங்கம் அது. நான் பல வருடமாக வீட்டில் தனியாகத் தைத்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். மேலே வெட்டுத்துணிகளை இணைத்த முகப்பு, நடுவில் பஞ்சுப் படலம், அடியில் ஒரே துணி, மூன்றும் சேர்ந்து நிற்கும்படி குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுத்தையல். வேலை இவ்வளவுதான். வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ளலாம், நானும் அப்படித்தான் கற்றேன். ஆனால் தைத்து முடித்ததை யாரிடம் காட்டுவது? வீட்டில் காட்டினால் "நன்றாயிருக்கிறது" என்பார்கள். அத்தோடு அது அலமாரிக்குள் போய்விடும். எந்த இடத்தில் கஷ்டப்பட்டேன், எந்த முனையைச் சேர்க்க ஒரு மத்தியானம் போனது என்பது இன்னொரு தைக்கிறவளுக்குத்தான் தெரியும்.

கூட்டம் மாதம் ஒருமுறை. முக்கால்வாசிப் பேர் அறுபதைத் தாண்டிய பெண்கள். இளவயதுப் பெண்களும் சில ஆண்களும் உண்டு. ஒவ்வொருவரும் தாங்களே துணியில் தைத்த பெயர்ப்பட்டையை மார்பில் குத்திக்கொண்டு வர வேண்டும். மறந்து வந்தால் டப்பாவில் 25 காசு போட வேண்டும். செயலாளர் போன மாதத்து நடவடிக்கையைப் படிப்பார், பொருளாளர் வரவு செலவு சொல்வார். கணக்கில் ஒரு காசு கூட இடிக்காது, நீ கேட்டால் சந்தோஷப்படுவாய். பிறகு யாராவது பேச வருவார்கள். கடைசியில் எல்லாரும் காத்திருக்கும் பகுதி. தைத்து முடித்ததைக் கொண்டுவந்தவர்கள் ஒவ்வொருவராக முன்னால் போவார்கள். இரண்டு பேர் மேல் முனைகளைப் பிடித்து விரித்துக் காட்ட, தைத்தவர் யாருக்காகத் தைத்தேன், எந்த டிசைன், துணி எங்கே கிடைத்தது என்று இரண்டு வரி சொல்வார். தொண்ணூறு வயதுக்காரருக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் ஒரே அளவு கைதட்டல்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கூட்டம் கலைந்ததும் குவில்ட்டின் பக்கத்தில் வந்து நிற்பார்கள். முகப்பை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, ஓரத்தைத் தூக்கி மறுபக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். நூல் இழுவை சரியாக இருக்கிறதா, முடிச்சு எங்கே மறைந்திருக்கிறது, தையல் அடிவரை ஒரே அளவாக இறங்கியிருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த கண்கள் அவை. என் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகளை வெட்டி நான் ஒன்று தைத்தேன் இல்லையா, அதைக் கொண்டுபோயிருந்தேன். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் அந்தப் புள்ளிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒவ்வொரு புள்ளியும் நூலால் முடிந்து சாயத்தில் முக்கியது என்று சொன்னபோது பக்கத்தில் இருந்த நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு மறுபக்கத்தைத் திருப்பி, "உன் பெயர் எங்கே?" என்று கேட்டார்.

இங்கே குவில்ட்டின் பின்பக்க மூலையில் ஒரு சிறு துணித்துண்டு தைப்பார்கள். தைத்தவர் பெயர், ஊர், வருடம், யாருக்காக என்று அதில் எழுதியிருக்கும். இதை அவர்கள் அவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 1973இல் தொடங்கிய கில்டு இது. 1980களின் கடைசியில் இதன் உறுப்பினர்கள் நெப்ராஸ்கா முழுவதும் ஊர் ஊராகப் போய், வீடுகளில் இருந்த பழைய குவில்ட்களை அளந்து, படம் எடுத்து, யார் தைத்தது, எப்போது தைத்தது என்று எழுதி வைத்தார்கள். பெட்டியைத் திறந்து எடுத்துக் காட்டுகிறவர்களுக்கே யார் தைத்தது என்று தெரியாத குவில்ட்கள் எத்தனையோ. பாட்டியா, பாட்டியின் அக்காவா, பக்கத்து வீட்டுக்காரரா? கடுங்குளிரில் பிள்ளைகள் தூங்கியது அந்தத் துணிக்குள்தான், தைத்தவளின் பெயர் மட்டும் இல்லை. நம் வீடுகளில் பழைய சேலையை மடித்துத் தைத்துக் குழந்தைக்கு விரித்தார்களே, அதில் எந்தப் பாட்டியின் பெயர் இருந்தது?

பெயர் நிலைத்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கிரேஸ் ஸ்னைடர், 1882இல் பிறந்து நூறு வருடம் வாழ்ந்தவர். இந்த மாநிலத்துப் புல்வெளியில், மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய வீட்டில் வளர்ந்தார். மாடு மேய்க்கும்போதே கையில் துண்டுத்துணியும் ஊசியுமாக இருந்த பெண். 1940களில், ஒரு பீங்கான் தட்டில் இருந்த பூக்கூடைச் சித்திரத்தைப் பார்த்து அதையே துணியில் தைத்தார். அந்த ஒரு குவில்ட்டில் 87,000க்கும் மேற்பட்ட துண்டுகள்! ஒவ்வொன்றும் விரல் நகத்தைவிடச் சின்னது. அவரைப் பற்றிப் பேசும்போது கில்டில் எல்லார் குரலும் ஒரு படி இறங்குகிறது.

இந்த ஊரில் குவில்ட்டுக்கென்றே ஒரு அருங்காட்சியகமும் இருக்கிறது, சர்வதேச குவில்ட் மியூசியம். குவில்ட் சேகரித்துவந்த ஜேம்ஸ் தம்பதி 1997இல் தங்களிடம் இருந்த சுமார் 950 குவில்ட்களைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள், அதிலிருந்து வளர்ந்தது. இப்போதுள்ள கட்டடம் 2008இல் திறந்தது. சாயம் வெளுக்காமல் இருக்க உள்ளே மங்கலான வெளிச்சம்தான் வைத்திருப்பார்கள். வங்காளத்துக் காந்தா, சிந்துப் பக்கத்து ரல்லி என்று நம் பக்கத்துத் தையல் விரிப்புகளும் அங்கே இருக்கின்றன. நீ இங்கே வரும்போது முதல் நாளே கூட்டிப்போகிறேன்.

இந்தக் கோடையில் கில்டில் கவந்தி என்ற ஒரு வகைக் குவில்ட் தைக்கப் பயிற்சி வைத்தார்கள். கர்நாடகத்தில் ஹளியால், எல்லாபுரா காட்டுப் பகுதிகளில் வாழும் சித்தி மக்களின் கைவேலை அது. அவர்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். இங்கே வழக்கமான குவில்ட்டில் முகப்பைத் தனியாகத் தைத்து முடித்து, பிறகு மூன்று அடுக்கையும் சேர்ப்போம். கவந்தியில் ஓரத்திலிருந்து தொடங்கி, துண்டுகளை மடித்து வைத்து, அடித்துணியோடு சேர்த்துத் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுப்பகுதிக்கு வருவார்கள். அளவுகோல் கிடையாது. கைக்கு வரும் துண்டுதான் அடுத்த துண்டு. நான்கு மூலைகளிலும் மடித்த முக்கோணத் துணிகளைப் பூவாக வைத்தால்தான் அது முடிந்ததாகக் கணக்கு. சோளக்காட்டு நடுவில் வளர்ந்த பெண்கள் முப்பது பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து உத்தர கன்னடத்துத் தையலைப் போடுவதைப் பார்க்க எனக்குத் தொண்டை அடைத்தது. எத்தனை தடவை ஹூப்ளி வழியாகப் போயிருப்போம்! இப்படி ஒன்று அங்கே இருப்பதை நமக்கு யாரும் சொல்லவில்லையே.

பெரிய கூட்டத்தில் எல்லாரோடும் பழக முடியாது. அதனால் கில்டுக்குள்ளேயே ஐந்தாறு பேராகச் சேர்ந்து வீடுகளில் கூடுவார்கள். எங்கள் குழு வியாழக்கிழமை மத்தியானம். ஒருவர் தன் அம்மாவின் பழைய சிங்கர் ஃபெதர்வெயிட் மெஷினைப் பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு வருவார். 1933இல் வந்த மாடல், மொத்த எடையே 11 பவுண்டு, நம் கணக்கில் ஐந்து கிலோ. உங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்த கால்மிதி உஷா மெஷினை நினைத்துக்கொண்டேன். அதை நகர்த்த நாம் இரண்டு பேர் வேண்டுமே. இங்கே எல்லாக் கணக்கும் துணி ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே போடும் தையலில் ஓடுகிறது. நம் ஊர்த் தையல்காரர் பிற்பாடு பிரித்துவிட வசதியாகத் தாராளமாக உள்ளே மடித்து விடுவார், என் கைக்கும் அதுதான் பழக்கம். ஊசியிலிருந்து கால் அங்குலத்தில் மெஷின் தட்டின்மேல் ஒரு டேப்பை ஒட்டிக் கொடுத்தார்கள். அதன் பிறகு என் முனைகளெல்லாம் தானாகச் சேர்கின்றன.

துணி விலை ஏறிவிட்டது. நல்ல பருத்தி கெஜம் பன்னிரண்டு, பதின்மூன்று டாலர். ஜோஆன் என்று கிட்டத்தட்ட 800 கடைகள் வைத்திருந்த துணிக்கடை 2025இல் மொத்தமாக மூடியும்விட்டது. அதனால் ஒருவர் மிச்சத் துணி இன்னொருவருக்குப் போகிறது. உறுப்பினர் யாராவது இறந்துவிட்டால், அவர் குடும்பம் துணிகளையெல்லாம் கில்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும். அதில் பாதி தைத்த குவில்ட்கள் கட்டாயம் இருக்கும். அவற்றை வெட்டிப் போடுவதோ விற்பதோ இல்லை. யாராவது ஒருவர் எடுத்துப்போய் முடித்துக் கொடுப்பார். போன குளிர்காலத்தில் அப்படி ஒன்று எங்கள் குழுவுக்கு வந்தது. நீலமும் வெள்ளையுமான நட்சத்திரங்கள், பாதிக்குமேல் கையால் தைத்திருந்தார். ஊசி துணியில் குத்தியபடியே இருந்தது. மீதியை நாங்கள் முடித்தோம். அவருடைய தையல் ரொம்பப் பொடி, எங்களுக்கு அவ்வளவு வராது. அவர் நிறுத்திய இடம் இப்போதும் கண்ணுக்குத் தெரியும், தெரிந்தால் நல்லதுதான் என்று விட்டுவிட்டோம். பின்பக்கத் துண்டில் முதலில் அவர் பெயர், கீழே எங்கள் பெயர்கள். மகளிடம் கொடுத்தபோது அந்தப் பெண் முகப்பைப் பார்க்கவே இல்லை, நேராகத் திருப்பி அந்த எழுத்தைத்தான் படித்தாள்.

இன்னொரு பகுதி தானம். ஆஸ்பத்திரியில் இருக்கும் குழந்தைகளுக்கும், வீடு இழந்தவர்களுக்கும், போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கும் கில்டு வருடம் முழுக்கத் தைக்கிறது. கண் பார்வை குறைந்த ஒரு அம்மாள் இருக்கிறார். துண்டு வெட்ட முடியாது, ஆனால் தொட்டுப் பார்த்தே ஓரப்பட்டி மடித்துத் தைப்பார். அவர் வராத நாளில் வேலை ஓடாது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு எங்கே போவதென்று கேட்கிறாய். தேரிலும் பந்தலிலும் குழாய் மாதிரித் தொங்குமே, அந்தத் துணித் தொம்பையைத் தைக்கிறவர்கள் உன் ஊரில்தான் இருக்கிறார்கள். சிவப்பிலும் பச்சையிலும் யாளியும் கிளியும் வெட்டி ஒட்டித் தைக்கும் அந்த வேலையைச் சின்ன வயதிலிருந்து அண்ணாந்து பார்த்திருக்கிறோம், பக்கத்தில் போய்ப் பார்த்ததில்லை. ஒரு பட்டறைக்குப் போய் உட்கார். எப்படி வெட்டுகிறார்கள், எந்தப் பக்கம் மடிக்கிறார்கள் என்று கேள். தைப்பவரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள். அப்புறம் உங்கள் தெருத் தையல்காரரிடம் வெட்டுத்துணி ஒரு பை வாங்கு. பெரும்பாலும் சும்மாவே கொடுத்துவிடுவார். உன்னோடு ஓய்வு பெற்ற இரண்டு பேர், எதிர் வீட்டுப் பெண் ஒருத்தி, நாலு பேர் போதும். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். மழையானாலும் விருந்தாளி வந்தாலும் அந்த நாளை மாற்றாதீர்கள். நாள் மாற ஆரம்பித்தால் எந்தக் கூட்டமும் கலைந்துவிடும். முதல் குவில்ட் பெரிதாக வேண்டாம், குழந்தைக்கு விரிக்கும் அளவு போதும். ஓட்டுத்தையல் அம்மாவுக்கு உன்னைவிட நன்றாக வரும், அவரையும் உட்கார வை.

வசந்த காலத்தில் கில்டில் என்னை அரைமணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சுங்குடியும் தொம்பையும் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். நீ பட்டறைக்குப் போனால் ஒரு தொம்பையின் நீளம், சுற்றளவு, என்ன துணி, ஒன்று முடிக்க எத்தனை பேர் எத்தனை நாள் வேலை செய்கிறார்கள் என்று விசாரித்து எழுது. படமும் அனுப்பு, தையல் தெரியும்படி கிட்டத்தில் எடு. தைப்பவர்களிடம் கேட்டுவிட்டு எடு. ஒரு சின்ன தொம்பை விலைக்குக் கிடைத்தால் எனக்காக வாங்கி வை, டிசம்பரில் அவருடைய தம்பி வரும்போது கொண்டுவருவார்.

அம்மாவை நான் கேட்டதாகச் சொல்.

உன்
வசந்தி