அந்த இரண்டு கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள் ஐயா

மதுரை மாவட்டச் சுகாதார அதிகாரிகளுக்கு வணக்கம்.

உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை போடும் ஊர் எங்களுடையது. பூ எடுக்க விடியுமுன்னே எழுந்துவிடுவோம். அதனால்தான் எங்கள் மதினி தினமும் ராத்திரி இரண்டு மணிக்கே முழித்து உட்கார்ந்திருந்தது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. அவருடைய அம்மா இறந்து நாலு மாசம், துக்கம் போகப் போகச் சரியாகிவிடும் என்றிருந்தோம். ஒருநாள் தோட்டத்துக்குப் போனால், முந்தின நாள் எடுக்காத மொட்டெல்லாம் செடியிலேயே விரிந்து பழுத்துக் கிடக்கிறது, இவர் வெறும் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் இருக்கிறார். என்ன மதினி என்றால், "எதுக்கு எடுக்கணும்?" என்கிறார்.

அதற்குள் மூன்று தடவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வந்தாயிற்று. அசதி, உடம்புவலி, சோறு இறங்கவில்லை என்று அவரே சொன்னார். மூன்று தடவையும் பிரஷர், சுகர் பார்த்துச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். தூக்கம் எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்புறம் குறி சொல்லும் கோடாங்கியிடம் போனோம். அதற்காக எங்களைத் திட்டுவீர்கள், திட்டுங்கள், ஆனால் "மனசுல என்னத்தா?" என்று முதலில் கேட்டவர் அவர்தான்.

கடைசியில் மதுரையில் மனநல மருத்துவர் கேட்டது இரண்டே கேள்வி. இந்த இரண்டு வாரமாக எதிலாவது பிடிப்பு இருக்கிறதா? மனசு பாரமாக, நம்பிக்கையே இல்லாமல் இருக்கிறதா? மதினி அழுதுவிட்டார். துக்க வீட்டில்கூடப் பேரப்பிள்ளையைப் பார்த்தால் முகம் கொஞ்சம் மலரும், அதுவும் இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் இப்படியே இருந்தால் அது மனச்சோர்வு நோய், மருந்து வேலை செய்யச் சில வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது என்றார் மருத்துவர். ஐந்தாவது வாரம், "இன்னிக்கு பூ என்ன விலை?" என்று மதினியே கேட்டார்.

அந்த இரண்டு கேள்வியைத்தான் எங்கள் ஊரிலேயே கேட்கச் சொல்கிறேன். வீடு தேடி வந்து சுகர் பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர்கள் கேட்கலாமே. கண்ணுக்கு முகாம் போடுகிறீர்கள், ஆடு மாட்டுக்குக்கூட முகாம் நடக்கிறது, மனசுக்கு நடந்து நான் பார்த்ததில்லை. மனநல சிகிச்சை எல்லோருக்கும் உரிமை என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது. அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்நேரமும் இலவசமாகக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம், அந்த எண்ணை எங்கள் நிலையத்துச் சுவரில் எழுதிவைக்கக்கூட இத்தனை வருஷமாக யாருக்கும் தோன்றவில்லையா?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். அசதி என்று வருகிறவர்களிடம் அந்த இரண்டு கேள்வியைக் கேட்கச் சொல்லி உத்தரவு போடுங்கள். தாலுகா ஆஸ்பத்திரிக்கு மனநல மருத்துவர் வரும் கிழமையையும் ஊருக்குத் தெரியும்படி அறிவியுங்கள். பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உசிலம்பட்டி வட்டாரத்துப் பூ விவசாயி