அட்லாண்டாவிலிருந்து அப்பாவுக்கு ஒரு கேள்வி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்ல வாய் வராத ஒன்றைக் கடிதத்தில் எழுதுகிறேன்.

எனக்குப் பதவி உயர்வு கிடைத்ததைத் தெரு முழுக்கச் சொல்லி மகிழ்ந்தீர்கள் என்று அம்மா சொன்னாள். இங்கே கட்டட வரைபடங்களில் உரிமம் பெற்ற பொறியாளர் தம் பெயரும் உரிம எண்ணும் கொண்ட முத்திரையைப் பதித்துக் கையெழுத்திட வேண்டும். சென்ற வாரம் ஒரு நான்கு மாடிக் கட்டடத்துக்கு என் முத்திரையைப் பதிக்குமுன், ஏற்கெனவே இருவர் சரிபார்த்திருந்த பீம் கணக்கை இரவு இரண்டு மணி வரை மூன்று முறை திரும்பப் போட்டுப் பார்த்தேன். பிழை எதுவும் இல்லை. ஆனாலும் நிம்மதி வரவில்லை. இந்த முறையும் மாட்டிக்கொள்ளாமல் தப்பித்துவிட்டேன் என்றுதான் தோன்றியது. எனக்கு ஒன்றும் தெரியாது என்பது ஒருநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்ற பயம், பத்து ஆண்டுகளாக ஒவ்வொரு பாராட்டுக்குப் பின்னாலும் வருகிறது அப்பா.

டெகேட்டரிலிருந்து நான் வேலைக்குப் போகும் ரயில், ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பெயர் கொண்ட நிலையத்தில் நின்று செல்கிறது. அங்கே பணியாற்றிய பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள், படிப்பிலும் வேலையிலும் உயர்ந்த 150-க்கும் மேற்பட்ட பெண்களிடம் கண்டதை 1978-இல் எழுதினார்கள். பட்டமும் பாராட்டும் பெற்ற பிறகும், பிறரை ஏமாற்றிவிட்டதாகவே அந்தப் பெண்கள் நம்பினார்களாம். அதற்கு அவர்கள் ‘இம்போஸ்டர் ஃபினாமினன்’ என்று பெயர் வைத்தார்கள்; தன்னைத் தானே போலி என்று நினைப்பது. அளவுக்கு மீறி உழைத்து ஒன்றை முடித்தால், முடித்தது உழைப்புதான், என் திறமையல்ல என்று மனம் கணக்கெழுதிக்கொள்வதால், அடுத்த வேலையிலும் அதே பயம் வந்து நிற்கிறது. அதைப் படித்தபோது என் அறைக்குள் யாரோ எட்டிப் பார்த்து எழுதியது போல இருந்தது. பெயர் தெரிந்துவிட்டதே தவிர, பயம் போகவில்லை.

நான் ஆறாவது படித்தபோது, நீங்கள் முதன்முதலாகத் தனியாக ஒப்புக்கொண்ட வீட்டுக்குக் கூரை கான்கிரீட் போடுவதற்கு முந்தைய இரவு, டார்ச் பிடிக்க என்னை மேலே அழைத்துப் போனீர்கள். சென்ட்ரிங் பலகைமேல் குனிந்து, கட்டிய கம்பிகளை ஒவ்வோர் இடத்திலும் விரலால் அசைத்துப் பார்த்தீர்கள். கம்பி பலகையில் படாமல் இருக்க அடியில் வைக்கும் கவர் பிளாக் ஒன்று நழுவியிருந்ததைச் சரியாக வைத்துவிட்டு, முதலிலிருந்து மறுபடியும் பார்த்தீர்கள். உங்களுக்குப் பயம் இருந்திருக்கும் என்று அன்று நான் நினைக்கவே இல்லை. நல்ல மேஸ்திரி செய்யும் வேலை அதுதான் என்று நினைத்தேன்.

அந்த இரவு உங்கள் மனத்தில் என்ன இருந்தது அப்பா? ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன். எனக்கு ஆறுதலுக்காக எதையும் மாற்றாமல், இருந்ததை இருந்தபடியே சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்