பினாங்கு தூண்டில் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தீவிலும் பெருநிலத்திலும் தூண்டில் கடை வைத்திருக்கும் அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

ரப்பர் பூட்ஸ் கேட்டு யாராவது வந்தால், தயவுசெய்து முதலில் "எங்கே மீன் பிடிக்கப் போறீங்க?" என்று கேளுங்கள். விலை, உயரம் எல்லாம் அப்புறம் பேசலாம்.

போன மாதம் என் மச்சான் ஒரு கடையில் தொடை வரை வரும் பூட்ஸ் வாங்கினார். அவர் கால் 8, கடையில் இருந்தது 10. தடித்த சாக்ஸ் போட்டால் சரியாகிவிடும் என்று கொடுத்துவிட்டார்கள். தண்ணீர் வற்றிய நேரம் பார்த்து பட்டர்வொர்த் பக்கம் தெலுக் ஆயர் தாவார் கடலோரச் சேற்றில் இறங்கினோம். கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், அவர் வலது கால் முழங்காலுக்கு மேல் புதைந்துவிட்டது. தூக்கினால் கால் மட்டும் உள்ளே வழுக்கி மேலே வருகிறது, பூட்ஸ் அசையவில்லை. அதன் வார் இடுப்புப் பெல்டில் கட்டியிருந்ததால் உருவிக்கொண்டு வரவும் முடியவில்லை. அதற்குள் தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டது. ஐஸ் பெட்டி மூடியைச் சேற்றில் போட்டு, அதன்மேல் நெஞ்சை வைத்துப் படுக்கச் சொல்லி, வாரை அறுத்துத்தான் அவரை வெளியே இழுத்தேன். அன்று நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும்.

உயரமான பூட்ஸ்தான் பாதுகாப்பு என்று வாங்குகிறவர் நினைக்கிறார், நீங்களும் அப்படியே விற்கிறீர்கள். சேற்றில் அது தலைகீழ். காலோடு ஒட்டியிருக்கும் குட்டையான சப்பாத்துதான் அங்கே சரி. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் போட்ட, அடியில் குமிழ் வைத்த அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்து, 'அடிடாஸ் கம்போங்' என்று நம்மூரில் சொல்வது, மலிவு, லேசு, சேற்றிலும் பிடிக்கும். ஆனால் செபராங் பிறை வயல் வாய்க்காலில் விரால் பிடிக்கப் போகிறவருக்கு முழங்கால் பூட்ஸ் கட்டாயம் கொடுங்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் ஒரு சின்ன வெட்டுக்காயத்தில் பட்டால் போதும், எலிக்காய்ச்சல் வரலாம்.

இன்னொன்று, அசல் ரப்பரையும் பிவிசி பிளாஸ்டிக்கையும் ஒரே குவியலில் போடாதீர்கள். பிவிசி மலிவுதான், ஆனால் விறைப்பாக இருக்கும். நல்ல ரப்பர் காலோடு வளையும், ஈரப் பாறையிலும் அதைவிட நன்றாகப் பிடிக்கும், ஆனால் பெட்ரோல் பட்டால் உப்பிப்போகும், வெயிலில் கிடந்தால் கணுக்கால் மடிப்பில் வெடிப்பு விழும். கடை வாசல் வெயிலில் மாதக்கணக்கில் தொங்கவிட்ட ஜோடியைப் புதுசு என்று விற்பது நியாயமா? குளிர்நாட்டுக்காரர்களுக்காக உள்ளே நியோப்ரீன் என்ற, சூட்டை உள்ளேயே வைத்திருக்கும் நுரை ரப்பர் வைத்துத் தைத்ததையும் நம்மூர் ஆளிடம் தள்ளிவிடாதீர்கள். வியர்வையிலேயே கால் ஊறி சேற்றுப்புண் வந்துவிடும்.

கடையில் ஒரு முக்காலியும் ஒரு ஜோடி சாக்ஸும் வையுங்கள். போட்டு நாலு எட்டு நடக்கச் சொல்லுங்கள், குதிகால் உள்ளே ஏறி இறங்கினால் விற்காதீர்கள், அளவு இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். அடுத்த வாரம் என் அக்கா மகனுக்கு முதல் ஜோடி வாங்க வருகிறேன். சாயங்காலம்தான் அழைத்து வருவேன், நாளெல்லாம் நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது அளவு பார்க்கலாம்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தூண்டில்காரன்