அந்த 6 இன்ச்

கோபிசெட்டிபாளையம்
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணு,

நீ கம்ப்யூட்டரில் 3டி-யில் செய்து தம்பிக்கு அனுப்பிய கோயம்புத்தூர் வீட்டுப் படத்தை அவன் எனக்குக் காட்டினான். எனக்கே அனுப்பியிருக்கலாம். பரவாயில்லை. ராத்திரி 2:40-க்கு அனுப்பியிருக்கிறாய். ரெண்டர் ஓடும்போது, அதாவது கம்ப்யூட்டர் வெளிச்சம் நிழல் போட்டுப் படத்தை முடிக்கும்போது, நீ தூங்கு கண்ணு. அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் சீக்கிரம் முடிந்துவிடாது.

படத்தை ஏ3-யில் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். தேக்குக் கதவில் நிற்கிற சட்டத்துக்கு ரேகை மேலும் கீழுமாக, படுக்கைச் சட்டத்துக்குக் குறுக்காக என்று தனித்தனியே திருப்பியிருக்கிறாய். நிறையப் பேர் ஒரே டெக்ஸ்சரை, அதாவது மரப் பரப்பின் படத்தை, கதவு முழுக்க ஒட்டிவிடுவார்கள், பிளைவுட் மாதிரி இருக்கும். கிரானைட் படியின் முனையை 3 மி.மீ. உருட்டியிருக்கிறாய், அதில் வெளிச்சம் கோடு போட்டது மாதிரி நிற்கிறது. பெரியப்பா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கட்டி முடிச்சாச்சா?" என்று கேட்டார்.

ஆனால் வெயில் தப்பு. வடக்குப் பார்த்த வீடு. ஜூன் மாத மத்தியானம் என்று கீழே எழுதியிருக்கிறாய். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரான பாரபெட்டிலிருந்து வாசல்வரை முழுக்க நிழலாக இருக்கிறது. கோவை 11 டிகிரி வடக்கே இருக்கிறது. ஜூன் 21 உச்சிவேளையில் சூரியன் தலைக்கு மேலிருந்து 12 டிகிரி வடக்கே சாய்ந்து நிற்கும். அதனால் சன்ஷேடுக்கு மேலே இருக்கிற சுவரும் பாரபெட்டும் வெயிலில் இருக்க வேண்டும். 2 அடி சன்ஷேடின் நிழல் சுவரில் 9 அடி இறங்கும். அந்த வீட்டுக்காரர் பிறந்ததிலிருந்து அந்த வெயிலைப் பார்க்கிறவர். என்ன தப்பு என்று அவருக்குச் சொல்லத் தெரியாது, "என்னமோ நம்ம ஊரு மாதிரி இல்லையே" என்பார். 3டி போடுகிற ஸ்கெட்ச்அப்பில் நீ ஊரைக் கொடுக்காவிட்டால் அது அமெரிக்காவின் கொலராடோவில் இருக்கிற போல்டர் ஊர் வெயிலைப் போடும். அது 40 டிகிரி வடக்கே. அங்கே உச்சிவேளை வெயில் வடக்குச் சுவரைத் தொடவே தொடாது. ஊர், +5:30 நேரம், வடக்குத் திசை மூன்றையும் பார். பிளானில் வாசலைத் தாளின் கீழ்ப்பக்கம் வைத்து வரைந்திருப்பாய், அதை அப்படியே 3டி-க்குக் கொண்டுபோனால் வடக்கு தெற்காகிவிடும்.

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா கேட்கிறாள்.

முதலில் 2டி-யைச் சுத்தம் செய், அப்புறம் 3டி-க்குப் போ. நிலம் அளக்கிற டோட்டல் ஸ்டேஷன் கருவியின் சர்வேயிலிருந்து வந்த படம் என்றால் ஆயத்தொலைவு லட்சக்கணக்கில் இருக்கும். 2டி வரைகிற ஆட்டோகேடிலேயே வீட்டின் ஒரு மூலையை 0,0-க்கு நகர்த்திவிடு. இல்லாவிட்டால் ஸ்கெட்ச்அப்பில் முகங்கள் (பரப்புகள்) மினுங்கும், கிட்டே போனால் அறுந்து தெரியும். ஓவர்கில் கமாண்ட் போட்டு இரட்டைக் கோடுகளை எடு. ஃப்ளாட்டன் கமாண்ட் போட்டு இசட் (உயரம்) எல்லாவற்றையும் பூஜ்யமாக்கு. ஒரு முனை 1 மி.மீ. மேலே இருந்தாலும் முகம் மூடாது, நீ ராத்திரி முழுக்க அந்த ஓட்டையைத் தேடிக்கொண்டிருப்பாய். ஹேட்ச் (நிரப்புக் கோடுகள்), அளவு லேயர்களைக் கொண்டுபோகாதே. இறக்கும்போது யூனிட்டைப் பார்: இன்ச்சில் வரைந்ததை மில்லிமீட்டர் என்று இறக்கினால் 40 அடி வீடு 19 இன்ச்சுக்கு வந்து நிற்கும். வந்ததும் கதவகலம் ஒன்றை டேப் போட்டு அளந்து பார்.

காம்பவுண்ட் சுவர் செங்கலும் பெரிதாகத் தெரிகிறது. நம் செங்கல் 3 இன்ச் உயரம், கலவையோடு 3½. உன் டெக்ஸ்சரில் 8 வரி இருந்தால் படத்தின் உயரம் 28 இன்ச் என்று கொடு. வெள்ளைச் சுவரின் நிறத்துக்கு முழு வெள்ளையான 255 வைக்காதே, 200 பக்கம் வை. பட்ட வெளிச்சத்தையெல்லாம் திருப்பி அடித்தால் மூலைமுடுக்கு தெரியாமல் வெளிறிப்போகும். தரை ஓட்டின் முகம் ஸ்லாபின் முகத்தோடு ஒட்டி இருந்தால் பட்டை பட்டையாக மினுங்கும், 2 மி.மீ. தூக்கிவிடு.

மெஷின் நின்று நின்று போகிறது என்று தம்பியிடம் சொன்னாயாம். டெக்ஸ்சரைப் பார். 4கே (4096-க்கு 4096 பிக்சல்) படம் ஒன்று சுருக்காமல் 64 எம்.பி. பிடிக்கும். நிறம், பம்ப் (மேடுபள்ளம்), பளபளப்பு என்று மூன்று வைத்தால் 192. இருபது மெட்டீரியல் சேர்ந்தால் கிராபிக்ஸ் கார்டில் 4 ஜி.பி.-யை ஒட்டிப் போய்விடும், மரம் செடி இன்னும் வரவில்லை. தள்ளி இருக்கிற சுவருக்கு 1கே போதும். முதல் டெஸ்டை 800 பிக்சலில், மெட்டீரியலை எல்லாம் ஒரே சாம்பலாக்கிப் போட்டு வெயிலையும் கேமராவையும் முடிவு செய். கேமரா ஆள் கண் மட்டம், 5 அடிக்குக் கொஞ்சம் மேலே. அதற்கப்புறம்தான் ஏ3-க்கு 4961-க்கு 3508. அதைப் போட்டுவிட்டுத் தூங்கு.

அளவைச் சரிபார் கண்ணு. யார் கொடுத்த படமானாலும் எழுதியிருக்கிற அளவை நம்பாதே, கோட்டை அளந்து பார். அளவு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துவிட்டு, பிராப்பர்ட்டீஸில் கையால் எழுதிய அளவு இருக்கிற டெக்ஸ்ட் ஓவர்ரைடு கட்டத்தைக் காலியாக்கினால் உண்மை அளவு தானாக வந்து நிற்கும்.

நம் வீட்டுப் படத்தில் போன வாரம் அதைச் செய்து பார்த்தேன். படிக்கட்டு ரூமின் முன்பக்கம் 8 அடி 6 இன்ச் என்று இருந்தது 8 அடி என்று மாறியது.

நான்தான் எழுதினேன். படி 4 அடி 4 அடி, நடுவில் 6 இன்ச் வேண்டும் என்று கடைசி நேரத்தில் தெரிந்தது. கோட்டை ஸ்ட்ரெட்ச் செய்து இழுத்தால் பக்கத்து ரூம், ஜன்னல், காலம் (தூண்) எல்லாம் நகரும் என்று எழுத்தை மட்டும் மாற்றினேன். மேஸ்திரி எழுத்தைப் படித்து 8½ அடி விட்டார். நீ கோட்டின் மேல் 3டி எழுப்பி, முன்பக்கத்துக்கான ஜாளிக்கு (துளை வைத்த தடுப்புக்கு) 8 அடி கொடுத்தாய். அது 6 இன்ச் குறைந்தது. உன் அளவு சரி. கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் அத்தனை பேர் முன்னால், "கம்ப்யூட்டர்ல படம் போடத் தெரிஞ்சா போதுமா, அளவு வேண்டாமா" என்று கேட்டேன். அப்போதே எனக்கு உள்ளே ஒரு சந்தேகம் இருந்தது கண்ணு. ஃபைலைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்றுதான் பார்க்கவில்லை. நீ ஒன்றும் பேசாமல் பூஜை முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாய்.

மேஸ்திரியிடம் நேற்றுப் போய்ச் சொன்னேன். பெரியப்பாவிடமும் அத்தையிடமும் சொன்னேன். திருத்திய படத்தை உன் மெயிலுக்குப் போட்டிருக்கிறேன். கோட்டையே நகர்த்தியிருக்கிறேன், காலம் உட்பட.

ஜாளிக்குப் பக்கத்தில் செங்கல் வைத்துப் பூசிய அந்த 6 இன்ச்சில் வெடிப்பு விட்டிருக்கிறது. இடித்துவிட்டு முழு நீளத்துக்குப் புது ஜாளி வெட்டலாமா, இல்லை அந்த இடத்துக்கு வேறு ஏதாவது யோசிக்கிறாயா? நீ சொல்கிற அளவுக்குத்தான் ஆர்டர் கொடுப்பேன்.

அப்பா