புது மானிட்டர் இப்போது வேண்டாம்

அன்பு மகனுக்கு,

எனக்குப் புது மானிட்டர் வாங்கி அனுப்புவதாகச் சொன்னாய். இப்போதைக்கு வேண்டாம்ப்பா. நீ விட்டுப்போன சதுர மானிட்டரிலேயே வழி கிடைத்துவிட்டது.

போன வாரம் கம்ப்யூட்டரில் நாம் ஆடிய கார் ரேஸில், "அப்பா, இடது பக்கம் வர்றேன், பாருங்க" என்று மூன்று தடவை சொன்னாய். எனக்கு எதுவும் தெரியவில்லை; திருப்பத்தில் உன் வண்டி மேலேயே மோதினேன். நீ ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. அப்புறம் உட்கார்ந்து பார்த்தேன். உன் திரையின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 16:9. என்னுடையது அகலத்தில் 1280, உயரத்தில் 1024 பிக்சல் (படத்தின் புள்ளிகள்), 1280×1024 என்பார்கள், அதாவது 5:4. இந்த ஆட்டத்தில் மேலும் கீழும் தெரிவது இருவருக்கும் ஒன்றுதான்; பக்கவாட்டில் தெரிவதுதான் திரைக்குத் தக்கபடி மாறுகிறது. 4:3 திரையில் 90 டிகிரி தெரிந்தால், 16:9-ல் 106 டிகிரி தெரியும், 5:4-ல் 86தான். நீ வந்த இடம் என் படத்திலேயே இல்லை.

ஆட்டத்தின் செட்டிங்ஸில் 1280×720 வைத்தேன். முதலில் பார்க்கவே சகிக்கவில்லை. 720 வரிகளை மானிட்டர் 1024-க்கு இழுத்துவிட்டது. சக்கரமெல்லாம் முட்டையை நிறுத்தி வைத்த மாதிரி. கிராபிக்ஸ் கார்டின் கண்ட்ரோல் பேனலைத் திறந்து, ஸ்கேலிங்கை, அதாவது படத்தைத் திரைக்குத் தக்கபடி பொருத்தும் வேலையை, மானிட்டரிடம் விடாமல் கார்டே செய்யும்படி வைத்து, முழுத் திரை என்றிருந்ததை விகிதம் மாறாமல் காட்டும்படி மாற்றினேன். சக்கரம் வட்டமாகிவிட்டது! மேலே 152 வரி, கீழே 152 வரி கறுப்பு, அவ்வளவுதான். 1280 என்பது இந்த மானிட்டரின் சொந்த அகலமே என்பதால் படம் மங்கவும் இல்லை. இடது பக்கக் கண்ணாடி இப்போது முழுசாகத் தெரிகிறது.

பிக்சலும் 13 லட்சத்திலிருந்து 9 லட்சத்துச் சொச்சத்துக்கு இறங்கியதால் பழைய கார்டு திணறாமல் ஓடுகிறது. ஆனால் எல்லாமே முன்பைவிடச் சிறிதாகத் தெரிகிறது, ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு அளவுக்கு. வேகம் காட்டும் எண்ணைப் படிக்க நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொள்கிறேன்.

எல்லா ஆட்டத்துக்கும் இது பொருந்தாது, கவனித்துக்கொள். சிலவற்றில் அகலத் திரை என்றதும் பக்கத்தில் ஒன்றும் கூடாது, மேலும் கீழும்தான் வெட்டுப்படும். அங்கே 1280×1024 தான் நல்லது. கண்டுபிடிப்பது சுலபம்: அசையாமல் ஒரே இடத்தில் நின்று, இரண்டு ரெசல்யூஷனிலும் ஒவ்வொரு ஸ்கிரீன்ஷாட் எடு. ஓரத்தில் புதிதாக ஒரு மரமோ சுவரோ சேர்ந்திருந்தால் லாபம். நான் அப்படித்தான் ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்திருக்கிறேன்.

அந்தப் பணத்தை நீயே வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்கு வந்துவிடு. இடது பக்கமே வா, வழி விடுகிறேன்.

அன்புடன்,
அப்பா