இந்தப் பெண் ஏன் அழுகிறாள்?

அன்புள்ள இளம் இயக்குநர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் அம்மாவைப் புதுப் படம் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். மலைச்சரிவெங்கும் பனி; தேயிலைத் தோட்டத்துக்கு மேலே காமிரா மிதந்து போகிறது. ஜன்னலோரம் நின்று கதாநாயகி அழுகிறாள். கன்னத்தில் உருளும் துளியில் விளக்கொளி மின்னுகிறது. அம்மா என் பக்கம் சாய்ந்து, "இந்தப் பெண் ஏன் அழுகிறாள்?" என்று கேட்டார். இடைவேளை முடிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

வீடு திரும்பும்போது அந்தத் தோட்டம் எந்த ஊரில் இருக்கிறது என்று விசாரித்தார். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

காட்சியின் அழகு மட்டும் போதாது, கதையும் வேண்டும் என்கிறேன். ஒளிப்பதிவின் அருமை தெரியாமல் இதை எழுதவில்லை. 'மூன்றாம் பிறை' (1982) படத்தின் கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். சிறிய ரயில் நிலையம், மழை, புறப்படப் போகும் ரயில். எழுதி இயக்கிய பாலு மகேந்திராவே ஒளிப்பதிவும் செய்து, அதற்குத் தேசிய விருதும் பெற்றார். ஆனால் நமக்குத் தொண்டை அடைப்பது மழையின் அழகாலா? நினைவிழந்து குழந்தைபோல் ஆகிவிட்ட நாயகியைச் சிரிக்க வைக்க நாயகன் முன்பு ஆடிய அதே குரங்காட்டத்தை இப்போது பிளாட்பாரத்தில் ஆடுகிறான். நினைவு திரும்பியவளோ அவனை யாரோ பைத்தியம் என்று பார்க்கிறாள். அந்த இருவரையும் இரண்டு மணி நேரம் கூடவே இருந்து அறிந்ததால்தான் அந்த மழை நம் மேலும் பெய்கிறது.

மெல்லிய கதையும் படத்தின் அழகால் நிற்கும் என்பவர்கள் கோதுமை வயல்களில் நடக்கும் 'டேஸ் ஆஃப் ஹெவன்' (1978) என்ற அமெரிக்கப் படத்தைச் சொல்வார்கள். நியாயமான எடுத்துக்காட்டுதான். கதையை உள்ளங்கையில் எழுதிவிடலாம். பெரும்பகுதி அந்திப்பொழுதின் சில நிமிட வெளிச்சத்தில் எடுக்கப்பட்டது. ஒளிப்பதிவாளர் நெஸ்டர் அல்மென்ட்ரோஸுக்கு ஆஸ்கார் கிடைத்தது. ஆனால் அத்தனை அழகான காட்சிகளைக் கையில் வைத்துக்கொண்டும், இயக்குநர் டெரன்ஸ் மாலிக் சுமார் இரண்டு ஆண்டுகள் படத்தொகுப்பில் போராடினார். வசனங்களை வெட்டி, ஒரு சிறுமி கதை சொல்லும் குரலைச் சேர்த்த பிறகே படம் கூடிவந்தது. பெரியவர்களின் பொய்களைப் பாதி புரிந்தும் புரியாமலும் பார்க்கும் அந்தக் குரலை எடுத்துவிட்டால், கோதுமை வயல்தான் மிஞ்சும்.

நிறம் திருத்தும் அறையில் ஒரு வானத்துக்காக நாள் முழுக்க உட்காருகிறீர்கள். அந்தப் பொறுமையில் பாதியை எழுதும் மேசைக்குக் கொடுங்கள். படப்பிடிப்புக்குப் போகும் முன், சினிமாத் தொழிலோடு சம்பந்தமே இல்லாத ஒருவரை உட்கார வைத்து, பனியையும் வெளிச்சத்தையும் வர்ணிக்காமல் கதையை மட்டும் சொல்லுங்கள். "அப்புறம்?" என்று அவர் எந்த இடத்தில் கேட்காமல் விடுகிறாரோ, அங்கே திரும்பவும் எழுதுங்கள்.

ஒளிப்பதிவாளர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஜன்னலோரம் விளக்கை வைக்கும் முன், அம்மா கேட்ட அதே கேள்வியை இயக்குநரிடம் நீங்களும் கேளுங்கள்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு ரசிகை